சொல்லிக்கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? சக மாணவர் நலக் கல்வியை மதிப்பிட ஒரு வழிகாட்டி

கல்லூரியில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கத்துக்கோ நாட்டு நலப்பணித் திட்டத்துக்கோ புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியரின் கைக்கு முதலில் வருவது பழைய அறிக்கைக் கோப்பு. திறந்து பாருங்கள். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினப் பேரணி, கலந்துகொண்டோர் இத்தனை பேர். ரத்தசோகை விழிப்புணர்வு, பயனடைந்தோர் இத்தனை பேர். பேனருக்கு முன்னால் வரிசையாக நின்று எடுத்த படம். முதல்வர் தலைமை, துறைத்தலைவர் வாழ்த்துரை, நன்றியுரையுடன் விழா இனிதே நிறைவுற்றது. அந்தப் பேரணிக்காக வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசி, அட்டை எழுதி, கேலியையும் வாங்கிக்கொண்ட மாணவத் தலைவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று மட்டும் கோப்பில் ஒரு வரி இருக்காது.

பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்துத் தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் ஐந்தொகை என்னும் ஆண்டுக் கணக்குச் சுருக்கம் எடுக்காமல் கணக்கை மூடியதில்லை. அவர்களுடைய ஊரில் இருக்கும் கல்லூரிகள் இந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை எழுதாமலே ஆண்டை முடித்துவிடுகின்றன. காரைக்குடியோ தேவகோட்டையோ பள்ளத்தூரோ மேலைச்சிவபுரியோ, எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை எழுத விரும்பும் புதியவருக்காக இந்தக் கட்டுரை. புள்ளியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் பயிற்சி தொடங்கும் முன்பே வேலையைத் தொடங்கியாக வேண்டும். ஆண்டுக் கடைசியில் ஞாபகம் வந்தால் பாதிக் கதவு ஏற்கெனவே அடைபட்டிருக்கும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

மாணவரே மாணவருக்கு உடல்நலம், மனநலம் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் முறைக்குச் சக மாணவர் நலக் கல்வி என்று பெயர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் துணையோடு இயங்கும் செஞ்சுருள் சங்கங்கள் இதைச் செய்கின்றன. இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும், 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் செய்கின்றன. கல்லூரிக்கு வெளியே, 2014-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்திலும் சக கல்வியாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1975-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், மாணவர்களின் குடிப்பழக்கத்தைக் கருதி உருவான 'பாக்கஸ்' அமைப்பு இந்த வகை மாணவர் குழுக்களைப் பல கல்லூரிகளுக்குப் பரப்பியது.

உதவி பெறுபவரைவிட உதவி செய்பவரே சில வேளைகளில் கூடுதலாகப் பயன் அடைகிறார் என்ற கருத்தை 1965-இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்கச் சமூக உளவியலாளர் எழுதிவைத்தார். கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே எச்சரிக்கையும் வேண்டும். நன்றாக இருக்கும் கருத்தைச் சோதிக்காமல் நம்புவது சுலபம். நம் கல்லூரியில், இந்த ஆண்டு, இந்த இருபது பேரிடம் அது நடந்ததா என்பதே கேள்வி.

எந்தப் பயனை அளப்பது என்று முதலில் எழுதிவையுங்கள்

"ஆளுமை வளர்ந்தது", "தலைமைப் பண்பு மேம்பட்டது" என்ற சொற்களை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். அவற்றை அளக்க முடியாது, மறுக்கவும் முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய அளவுக்கு இறக்கி எழுத வேண்டும். கூட்டத்தில் பேசுவது, பேச்சைக் கேட்பது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது, பிரச்சினையோடு வருபவரைச் சரியான இடத்துக்கு அனுப்புவது, தன் சொந்த உடல்நலப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது. இவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். எல்லாவற்றையும் அளக்கப் போனால் ஒன்றும் உருப்படியாக வராது.

அறிவுத் தேர்வு வைக்கலாம், தவறில்லை. கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, எச்.ஐ.வி. கொசுக்கடியால் பரவாது, சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையெல்லாம் பயிற்சியில் சொன்னால் மாணவர்கள் எழுதிவிடுவார்கள். பயிற்சி முடிந்த மாலையே மதிப்பெண் ஏறியிருக்கும். அந்த ஏற்றத்தைப் பெரிய வெற்றியாக அறிக்கையில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாடம் கேட்டவர் பாடத்தை ஒப்பித்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

சொந்தப் பழக்கம் வேறு விஷயம். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கல்லலிலிருந்தோ புதுவயலிலிருந்தோ காலை பஸ்ஸைப் பிடிக்கச் சாப்பிடாமல் ஓடிவரும் மாணவி, பிறருக்கு இரும்புச்சத்து பற்றி வகுப்பெடுத்த பிறகாவது தான் காலையில் சாப்பிடுகிறாரா, தன் ரத்தத்தை ஒருமுறை பரிசோதித்தாரா என்று கேளுங்கள். சொல்கிறவர் தாமே கடைப்பிடிக்கிறாரா என்பது திட்டத்தின் நல்ல உரைகல். ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பயனுக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். இடையில் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதுவும் எண்ணை ஏற்றியிருக்கும்.

இழப்பையும் எழுதுங்கள், ஏனென்றால் பெரும்பாலான மதிப்பீடுகள் இதைத் தொடுவதே இல்லை. நிகழ்ச்சிக்காக விட்ட வகுப்புகள், குறைந்த அகமதிப்பெண், தவறவிட்ட கடைசி பஸ், பிறர் சொன்ன ரகசியத்தை மனத்தில் சுமந்து தூக்கம் கெட்ட இரவுகள், 'இதையெல்லாம் பேசுகிற பெண்' என்று ஊரில் கிடைத்த பெயர். பயனை அளக்கும் தாளிலேயே இதற்கும் இடம் விடுங்கள்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு தாள்

பயிற்சி ஜூலையில் என்றால், அதற்கு முந்தைய வாரமே முதல் அளவீட்டை முடித்துவிடுங்கள். இரண்டாவது அளவீட்டைப் பிப்ரவரியில் வைப்பது நல்லது. ஜனவரியில் பொங்கல் விடுமுறை, சிராவயல் மஞ்சுவிரட்டு என்று மாணவர்கள் ஊரில் இருப்பார்கள். மாசி–பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வந்தால் காரைக்குடியில் பால்குடத்துக்கும் காவடிக்கும் போனது போக வகுப்பில் மிஞ்சுபவர்கள் குறைவு. அதன் பிறகு செய்முறைத் தேர்வு. இந்த நாட்காட்டியைப் பார்க்காமல் மார்ச் நடுவில் வினாத்தாளை நீட்டினால் பாதிப் பேர்தான் எழுதுவார்கள், அந்தப் பாதியும் ஆர்வம் மிகுந்த பாதியாகவே இருக்கும்.

தாளில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள், பதிவெண்ணும் வேண்டாம். பெயர் இருந்தால் ஆசிரியர் மகிழும்படி எழுதுவார்கள். பெயரே இல்லாவிட்டால் முதல் தாளையும் இரண்டாவது தாளையும் இணைக்க முடியாது. அம்மாவின் பெயரில் முதல் எழுத்து, பிறந்த தேதி, பிறந்த ஊரின் கடைசி எழுத்து என மாறாத மூன்றைச் சேர்த்து ஒரு ரகசியக் குறியீட்டை மாணவரே அமைத்துக்கொள்ளட்டும். செல்பேசி எண்ணைப் பயன்படுத்த வேண்டாம், ஆறு மாதத்தில் அது மாறிவிடுகிறது.

ஒப்புதல் கட்டாயம். "பங்கேற்பது உன் விருப்பம், மறுத்தாலும் குழுவில் நீடிக்கலாம், மதிப்பெண்ணிலோ சான்றிதழிலோ கை வைக்க மாட்டோம்" என்று எழுத்தில் கொடுங்கள். முதலாண்டு மாணவர்களில் 18 வயது நிரம்பாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். முடிவுகளை ஆய்வுக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால், தாளை அச்சடிக்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டு அந்தக் குழுவிடம் போவது நல்லது.

கேள்விகள்

பெயர்பெற்ற அளவுகோல்கள் உண்டு. 1965-இல் வெளிவந்த ரோசன்பர்க்கின் தன்மதிப்பு அளவுகோலில் பத்தே வாக்கியங்கள். என்னால் செய்ய முடியும் என்ற உறுதியை அளக்கும், ஷ்வார்ட்சர், ஜெருசலேம் இருவரின் பொதுச் செயல்நம்பிக்கை அளவுகோலிலும் பத்து. பலரும் இவற்றை எடுத்து அப்படியே கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் ஒன்றும் மாறவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள். ஒருவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் ஒட்டுமொத்த எண்ணம் ஒரு பருவத்தில் அசைவது அரிது. குறிப்பிட்ட செயலைப் பற்றிக் கேட்டால்தான் மாற்றம் தெரியும். செயல்நம்பிக்கை என்ற கருத்தை வகுத்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவும் இதைத்தான் வற்புறுத்தினார். செயலைச் சொல்லி, அதைச் செய்ய முடியும் என்று எவ்வளவு உறுதியாக இருக்கிறாய் என 0 முதல் 100 வரை எண் போடச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக:

- அறுபது பேர் உள்ள வகுப்பில் மாதவிடாய் நலம் பற்றிப் பத்து நிமிடம் பேச என்னால் முடியும்.
- விடை தெரியாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியவில்லை, கேட்டுவந்து சொல்கிறேன்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல முடியும்.
- அடிக்கடி தலைசுற்றுகிறது என்று சொல்லும் தோழியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக முடியும்.
- வாழவே பிடிக்கவில்லை என்று நண்பர் சொன்னால், அதை எனக்குள் பூட்டிவைக்காமல் உரியவரிடம் கொண்டுபோக முடியும்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். எழுதியதும், குழுவில் சேராத நான்கு மாணவர்களிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நின்று முகத்தைச் சுளிக்கிறார்களோ அதைத் திருத்துங்கள். கூகுள் படிவத்தைவிட ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து எழுதும் காகிதத் தாளே எனக்குப் பிடிக்கும். படிவத்தை பஸ்ஸில் நின்றுகொண்டு நிரப்புவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத் தட்டிவிட்டு அனுப்புவதும் உண்டு.

இங்கே புதியவர்கள் அஞ்சி நடுங்கும் ஒரு விபரீதம் நடக்கும். பயிற்சிக்குப் பிறகு எண் இறங்கும். ஒரு மாணவி ஜூலையில் "வகுப்பில் பேச முடியும்" என்பதற்கு 80 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிஜமாகவே கடைசி வரிசையின் நமட்டுச் சிரிப்புக்கு நடுவில் ஆறு முறை பேசிய பிறகு, பிப்ரவரியில் 65 போடுகிறார். அவர் பின்வாங்கவில்லை. ஜூலையில் அந்த வேலை எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியாது. அளக்கிற கோலே நடுவில் மாறிவிட்டது. இதற்கு மாற்று உண்டு. கடைசித் தாளில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டங்கள் கொடுங்கள். ஒன்றில் "இப்போது", மற்றொன்றில் "இன்று எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், ஜூலையில் உண்மையில் எவ்வளவு இருந்தேன்". அந்த மாணவி இப்போது 65 என்றும், அன்று 30 என்றும் எழுதக்கூடும். நினைவு சில வேளை நமக்கு இனிப்பானதைச் சொல்லும் என்பதால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜூலைத் தாளையும் இதையும் அருகருகே வைத்து இரண்டையும் அறிக்கையில் காட்டுங்கள்.

சொல்வதைவிடச் செய்வதைப் பாருங்கள்

எந்த வினாத்தாளையும்விட ஐந்து நிமிடம் நேரில் பார்ப்பது கூடுதலாகச் சொல்லும். உங்களிடம் நேரம் குறைவு என்றால் மற்றதைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் இதற்கு வாய்ப்பான இடம். கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டெங்கு விழிப்புணர்வுக்கு மாணவர்கள் வீடு வீடாகப் போகிறார்கள் என்று கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் வளவு முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவிலும் தொட்டியிலும் பிடித்துவைக்கும் வழக்கம் உண்டு. பாதி வீடுகள் ஆண்டில் பல மாதம் பூட்டியே கிடக்கும், காவலுக்கு ஒருவர் மட்டும் இருப்பார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவச் சொல்வதன் கணக்கு இதுதான்.

முதல் மாணவர் வாசலிலேயே நின்று துண்டறிக்கையைப் பார்த்து ஒப்பிக்கிறார். திண்ணையில் இருக்கும் மூதாட்டி தலையாட்டிவிட்டு, "சரிப்பா, போய் வாங்க" என்கிறார். முடிந்தது. அடுத்த வீட்டில் இன்னொரு மாணவி, "ஆச்சி, உள்ளே வரலாமா? முற்றத்து அண்டாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறோம்" என்று கேட்கிறார். செல்பேசி விளக்கைத் தண்ணீரின் மேல் பிடிக்கிறார். நூல் துணுக்குகள் மாதிரி மிதந்தவை நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்குகின்றன. "இது என்ன ஆச்சி?" என்று அவரே கேட்கிறார். "புழுவா! நேற்றுத்தானே பார்த்தேன்" என்கிறார் ஆச்சி. "கொசுவோட குஞ்சுதான். ரெண்டு பேருமாச் சாய்ச்சுக் கொட்டிவிடுவோமா?" அதுவரை அந்த மாணவி டெங்கு என்ற சொல்லையே எடுக்கவில்லை.

இந்த வேறுபாட்டைப் பிடிக்கும் கவனிப்பு அட்டை ஒன்று தயாரியுங்கள். அனுமதி கேட்டாரா, எதிராளியைப் பேசவிட்டாரா, சொன்ன தகவல் சரியா, பயமுறுத்தாமல் சொன்னாரா, அடுத்து என்ன செய்வது என்று ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தாரா. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் 2 போட்ட இடத்தில் மற்றவர் 0 போட்டிருந்தால் மாணவரில் குறையில்லை, அட்டையின் வாசகம் தெளிவாக இல்லை.

கல்லூரிக்குள் இதையே நடிப்பாகச் செய்யலாம். ஒரு மாணவர் நண்பராக நடித்து, "ரெண்டு பாடம் போய்விட்டது, வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெரியவில்லை, இருந்து என்ன பயன்" என்கிறார். மாணவத் தலைவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறோம். அறிவுரை மழை பொழிகிறாரா, காது கொடுக்கிறாரா? நேராகவே, பழியில்லாமல், "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்று கேட்கிறாரா? தனியே விடாமல் ஆசிரியரிடமோ ஆலோசகரிடமோ கூட்டிப்போகிறாரா? 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணும் 104 என்ற மாநில நலவாழ்வு எண்ணும் நாவில் வருகின்றனவா? இந்தக் காட்சியை ஜூலையிலும் பிப்ரவரியிலும் ஒப்புதலோடு ஒலிப்பதிவு செய்து, எது முன், எது பின் என்று தெரியாதபடி கலைத்து, வேறு கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் மதிப்பெண் போடக் கொடுங்கள். நம் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள் என்ற ஆசை நம் கண்ணை மறைக்கும். அந்த ஆசை இல்லாதவர் காது வேண்டும். நடிக்கும் மாணவரை முன்கூட்டியே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். சொந்த வீட்டில் அப்படியொரு துயரம் நடந்தவரை அந்த வேடத்தில் உட்காரவைக்கக் கூடாது. காட்சி முடிந்ததும் ஆலோசகர் ஒருவர் எல்லாரோடும் சற்று நேரம் பேசட்டும்.

சேராதவர்களையும் அளக்க வேண்டும்

செஞ்சுருள் சங்கத்தில் கைதூக்கிச் சேருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே மேடை ஏறிப் பழகியவர். ஆண்டு முடிவில் அவர் நன்றாகப் பேசினால், சங்கம் பேசவைத்தது என்று எப்படிச் சொல்வது? கல்லூரியில் ஓராண்டு கழிந்தாலே எல்லாருக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிடுகிறது. எனவே அதே தாளை அதே மாதங்களில் சேராத ஒரு குழுவுக்கும் கொடுங்கள். நாற்பது பேர் விண்ணப்பித்து இருபது பேரைத்தான் எடுக்க முடிந்தது என்றால், மிச்சம் இருபது பேரே சரியான ஒப்பீடு. அவர்களும் ஆர்வம் உள்ளவர்கள்தாம். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு அடுத்த பருவத்தில் பயிற்சி உண்டு என்று வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றுங்கள்.

குழுவின் சராசரி 50-இலிருந்து 70-க்கும், சேராதவர் சராசரி 50-இலிருந்து 62-க்கும் போனால், திட்டத்தின் பங்கு சுமார் 8 புள்ளிதான், 20 அல்ல. அறிக்கையில் 20 என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள்.

பேசவைத்துக் கேட்பது

நேர்காணலை நீங்களே எடுக்காதீர்கள். பொறுப்பாசிரியர் எதிரில் உட்கார்ந்து, "சார், உங்களால்தான் எனக்குத் தன்னம்பிக்கை வந்தது" என்று சொல்லாத மாணவர் கிடையாது. சமூகப்பணித் துறையிலோ வேறு கல்லூரியிலோ ஒருவரைக் கேளுங்கள். சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் பிறகு நேர்காணல் வையுங்கள். சான்றிதழ் பீரோவில் இருக்கும்வரை வாயில் உண்மை வராது.

கேள்வி திறந்ததாக இருக்கட்டும். "இந்த ஆண்டில் உன்னிடம் நேர்ந்த மாற்றங்களில் பெரியது எது? அது நடந்த ஒரு நாளைச் சொல்." நாளையும் இடத்தையும் கேட்டால் பொதுப்பேச்சு உதிர்ந்துவிடும். திட்டத்தால் வந்த மாற்றமா, அக்கா திருமணத்தில் வேலை செய்து வந்த மாற்றமா என்று அந்தக் கதையிலேயே தெரியும். அடுத்து இழப்பைக் கேளுங்கள். "எப்போது விட்டுவிடலாம் என்று தோன்றியது?" என்று கேட்டால் பதில் வரும், "ஏதாவது கஷ்டமா?" என்றால் "இல்லை" என்றுதான் வரும். இடையில் விலகிப்போனவர்களைத் தேடிப்பிடித்துப் பேசுவது முக்கியம். வீட்டில் தடுத்தார்களா, நிகழ்ச்சி முடிந்ததும் ஊருக்குப் பஸ் இல்லையா, யாராவது கேலி செய்தார்களா என்பதை அவர்களே சொல்ல முடியும். மாணவத் தலைவரின் அறைத்தோழரையோ பெஞ்சுத்தோழரையோ அவர் அனுமதியோடு கேட்டால், அவர் தம்மைப் பற்றிச் சொல்லாததும் கிடைக்கும்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை நேர்காணல் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தாக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் மௌனம் காக்க முடியாது. மற்றபடி, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. மாணவத் தலைவர்கள் எழுதும் நாட்குறிப்பில் யார் பெயரும் வரக் கூடாது என்று முதல் நாளே பழக்குங்கள். "இரண்டாமாண்டு, வேதியியல், உயரமான பெண்" என்று எழுதினாலும் பெயர் எழுதியதற்குச் சமம். சின்னக் கல்லூரியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

கணக்கு

இருபது பேரை வைத்துக்கொண்டு "தன்னம்பிக்கை 35 விழுக்காடு உயர்ந்தது" என்று எழுதாதீர்கள். ஒருவர் கூடக் குறைய எழுதினாலே அந்த விழுக்காடு ஆடிவிடும். எத்தனை பேருக்கு ஏறியது, எத்தனை பேருக்கு இறங்கியது, எத்தனை பேர் அப்படியே நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். 20 பேரில் 14 பேர் ஏறி 6 பேர் இறங்கினால், நாணயம் சுண்டினாலும் இப்படி நேர வாய்ப்பு இருக்கிறது. 15 ஏறி 5 இறங்கினால் வெறும் தற்செயலாக இவ்வளவு பெரிய வேறுபாடு வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழே போகிறது. எண்களின் அளவையும் கணக்கில் கொள்ள வில்காக்சன் என்ற புள்ளியியல் சோதனை உண்டு. கணிதத் துறையில் கேட்டால் ஒரு மாலைக்குள் போட்டுத் தருவார்கள், தேநீர் வாங்கிக்கொடுத்தால் விளக்கமும் சேர்த்துக் கிடைக்கும்.

விலகியவர்களை அறிக்கையிலிருந்து காணாமல் போகச் செய்யாதீர்கள். 24 பேர் தொடங்கி 17 பேர் முடித்தால் இரண்டு எண்ணும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். ஏழு பேர் ஏன் போனார்கள் என்பது அந்த 17 பேரின் சராசரியைவிடக் கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள் தர உறுதிப் பிரிவுக்குப் பயன்படும்.

அறிக்கை யாருக்கு

மூன்று பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் பக்கத்தில் எண்கள், இரண்டாவதில் கதைகள், மூன்றாவதில் இழப்பும் அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதும். நிகழ்ச்சியால் அகமதிப்பெண் குறைந்தது எனத் தெரிந்தால் மறுதேர்வுக்கு ஏற்பாடு செய்ய முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். ரகசியச் சுமை எனத் தெரிந்தால் மாதம் ஒருமுறை ஆலோசகரோடு உட்காரும் நேரத்தைக் கால அட்டவணையில் நுழையுங்கள். முதல் பிரதி முதல்வருக்கு, இரண்டாவது மாணவர்களுக்கு. தங்களைப் பற்றி எழுதியதை அவர்களும் படிக்கட்டும், தவறு என்றால் மறுத்து எழுதட்டும், அந்த மறுப்பையும் சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

மூன்றாமாண்டு மாணவர்கள் ஏப்ரலில் கிளம்பிவிடுவார்கள். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று எங்கே போனாலும் ஓராண்டு கழித்துத் தொலைபேசியில் மூன்றே கேள்வி கேட்க இப்போதே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நேர்முகத்தில் இந்த அனுபவத்தைச் சொன்னாயா? கடைசியாக யாரையாவது மருத்துவரிடம் போகச் சொன்னது எப்போது? இன்னொரு முறை வாய்ப்பு வந்தால் சேருவாயா? தொலைபேசி எண் பட்டியலையும் ரகசியக் குறியீட்டுத் தாள்களையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள். ஓராண்டு அழைப்புகள் முடிந்ததும் எண் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஜூலையில் வரும் புதிய குழுவுக்கான தாளை அச்சுக்குக் கொடுங்கள்.